பந்திக்கு முந்தியவர்கள்

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று சொல்லிவைத்த நம் முன்னோர் எவரும் பாரீஸ் போனவரில்லை. போயிருந்தால், தங்கள் பழமொழியை இவ்வளவு சுத்தமாக அமல்படுத்திய ஊர் வேறு கிடையாது என்று மெச்சியிருப்பார்கள். 1919 ஜனவரி 18 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்தில் முதல் உலகப் போரின் வெற்றியாளர்கள் சமாதானம் பேச உட்கார்ந்தார்கள். தோற்றவர்களுக்கு அழைப்பில்லை. வெற்றியாளர்களின் பக்கம் நின்று லட்சக்கணக்கில் வீரர்களைப் பலிகொடுத்த ரஷ்யாவுக்கும் இல்லை. அங்கே புரட்சி நடந்து, சொன்ன பேச்சைக் கேட்காத ஆட்கள் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள்.

இலை போட்ட வரிசையைப் பாருங்கள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் ஆகிய ஐவருக்கும் தலா 5 இருக்கை. இவை 'பொது அக்கறை' கொண்ட அரசுகளாம். மீதிப் பேரெல்லாம் 'தனி அக்கறை' கொண்டவர்கள். நான்கு வருஷம் ஜெர்மன் பூட்ஸுக்கடியில் கிடந்த பெல்ஜியத்துக்குப் போரில் இருந்தது ஏதோ சொந்த விவகாரம். சீனத்தில் ஒரு ஜெர்மன் துறைமுகத்தையும் பசிபிக்கில் சில தீவுகளையும் பிடித்துக்கொண்ட ஜப்பானுக்கு இருந்ததோ உலகப் பொதுநலம். பிரேசிலின் கப்பல்கள் ஐரோப்பியக் கடலுக்கு வந்து சேர்வதற்கும் போர் முடிவதற்கும் சரியாக இருந்தது. அதற்கு 3 இருக்கை. இந்தியா கடல் கடந்து அனுப்பியது 13 லட்சம் பேரை. அவர்களில் திரும்பாதவர்கள் 74,000. போதாதென்று 1917-இல் இந்தியாவின் பெயரால் பிரிட்டனுக்கு 10 கோடி பவுண்ட் 'அன்பளிப்பு' வேறு. அன்பளித்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பது சின்ன விஷயம். இந்தியாவுக்கு 2 இருக்கை.

அந்த இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்தது யார்? லண்டனில் இருந்துகொண்டு இந்தியாவை ஆள்கிற மந்திரி மாண்டேகு, அதே இலாகாவின் துணை மந்திரியான சின்ஹா பிரபு, பிகானீர் மகாராஜா கங்கா சிங். இந்தியாவின் சார்பில் மாண்டேகு பேசுவார். பிரிட்டனின் சார்பில் அவருடைய சகாக்கள் கேட்டுக்கொள்வார்கள். இரு தரப்புக்கும் இடையே அப்படியொரு ஒற்றுமை! காங்கிரஸ் கட்சி திலகர், காந்தி, ஹசன் இமாம் ஆகியோரைத் தன் பிரதிநிதிகளாக அறிவித்திருந்தது. திலகர் அப்போது லண்டனிலேயே இருந்தார். கால்வாயைக் கடந்தால் பிரான்ஸ். கடவுச்சீட்டு தரமாட்டோம் என்றது அரசாங்கம். சாகவும் சாகடிக்கவும் பிரான்ஸுக்குக் கப்பலேற்றிய இந்தியச் சிப்பாய்களிடம் எவனும் கடவுச்சீட்டு கேட்கவில்லை. பேசப் போகிறவருக்குத்தான் அது தேவைப்பட்டது. திலகர் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமென்சோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதோடு சரி.

மாநாட்டின் நாயகன் அமெரிக்க ஜனாதிபதி வில்சன். 14 அம்சங்களோடு வந்திருந்தார். முதல் அம்சமே, ஒப்பந்தங்கள் இனி வெளிப்படையாக, ஊரறியப் பேசி முடிக்கப்பட வேண்டும் என்பது. இதை நம்பி உலகத்தின் பத்திரிகைக்காரர்கள் பாரீஸில் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கு அலங்காரக் கூட்டங்களைப் பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. நிஜமான பேச்சைப் பத்துப் பேர் அறைக்குள் பேசினார்கள். பத்துப் பேர் பேசினால் விஷயம் கசிகிறது என்று மார்ச் கடைசியில் அதையும் நால்வராகக் குறைத்தார்கள். வில்சன் தங்கியிருந்த வீட்டில் அந்த நால்வரும் கூடினார்கள். ஆரம்பத்தில் குறிப்பெடுக்கக்கூட ஆள் வைத்துக்கொள்ளவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதும். பெரிய வரைபடங்களைத் தரையில் விரித்து, முழங்காலிட்டுத் தவழ்ந்து, கோடு கிழித்தார்கள். அந்தப் பெருந்தலைகள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் முழங்காலிட்டிருந்தது அந்த வருஷம்தான். எந்தச் சாமிக்கும் அல்ல.

நால்வரையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். 77 வயது கிளெமென்சோ; பிப்ரவரியில் ஒருவன் சுட்டதில் உடம்பில் தங்கிய குண்டோடு, பத்து நாளில் வேலைக்குத் திரும்பியவர். அந்தக் கிழவரிடம் போலித்தனம் குறைவு. ஜெர்மனியை எழுந்திருக்கவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம், அதை மறைக்கவும் இல்லை. பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், ஜெர்மானியனிடமிருந்து கடைசிக் காசு வரை பிடுங்குவோம் என்று கூவிய கூட்டத்தோடு டிசம்பரில் தேர்தலை ஜெயித்துவிட்டு, இப்போது பிடுங்கினால் ஐரோப்பா கெட்டுவிடுமே என்று காலையிலும், பிடுங்காவிட்டால் ஓட்டு போய்விடுமே என்று மாலையிலும் கவலைப்பட்டவர். தெஷென் என்று ஓர் ஊர். நிலக்கரியும் ரயில்பாதையும் உள்ள பகுதி. அந்த ஜனவரியில்தான் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் அதற்காக ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. அந்த ஊரின் பெயரை நானே கேள்விப்பட்டதில்லை என்று லாயிட் ஜார்ஜ் நாடாளுமன்றத்தில் எழுந்து சொன்னார். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நாலாமவர் இத்தாலியப் பிரதமர் ஆர்லாண்டோ. ஃபியூமே துறைமுகம் வேண்டும் என்று அழுது, கிடைக்கவில்லை என்று ஏப்ரலில் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனார். மாப்பிள்ளை முறுக்கு வேலை செய்யவில்லை. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மே முதல் வாரத்தில் அவர் தாமாகத் திரும்பி வருவதற்குள், இத்தாலி கண்வைத்திருந்த துருக்கித் துறைமுகமான ஸ்மர்னாவுக்குக் கிரேக்கப் படையை அனுப்ப மற்ற மூவரும் முடிவுசெய்துவிட்டார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த பேரம் மாநாட்டுக்கு முன்பே நடந்தது. 1918 டிசம்பரில் கிளெமென்சோ லண்டன் வந்தார். தோற்ற துருக்கியின் நிலங்களில் உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மோசூல் வேண்டும் என்றார் லாயிட் ஜார்ஜ். எடுத்துக்கொள்ளும், வேறென்ன? ஜெருசலேம். அதுவும் உமக்கே. ஆவணம் இல்லை, சாட்சி இல்லை, பின்னால் கேள்விப்பட்டவர்களின் குறிப்புகளால்தான் நமக்குச் செய்தி தெரியும். மோசூலில் எண்ணெய் இருப்பதாகப் பேச்சு. பிறகு பிரான்ஸும் கணக்குப் பார்த்து 1920-இல் எண்ணெயில் கால் பங்கு வாங்கிக்கொண்டது. மோசூலில் மனிதர்களும் இருந்தார்கள் என்பது அந்த உரையாடலில் எங்கும் இடறவில்லை. நாம் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்ப்போம். (இந்த வழக்கம் அவர்களோடு போய்விடவில்லை. 1944-இல் மாஸ்கோவில் சர்ச்சில் ஒரு துண்டுக் காகிதத்தில் ருமேனியா 90, கிரேக்கம் 90, யுகோஸ்லாவியா 50 என்று சதவீதம் எழுதி நீட்ட, ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு டிக் அடித்தார். காகிதமாவது மிச்சம்.)

இனி பில்லுக்கு வருவோம். போருக்குக் காரணம் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் என்று 231-ஆம் பிரிவில் எழுதியாயிற்று. எவ்வளவு தரவேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. தொகையைக் காலியாக விட்டுக் கையெழுத்து வாங்கும் கலையில் நம்மூர் கந்துவட்டிக்காரர்கள் தங்களை முன்னோடிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும், அது வெர்சாயில் அரங்கேறிவிட்டது. இங்கிலாந்து வங்கியின் முன்னாள் ஆளுநர் கன்லிஃப் பிரபு இருந்த பிரிட்டிஷ் குழு 2,400 கோடி பவுண்ட் கேட்கலாம் என்றது. எந்தக் கணக்கில் என்று கேட்கக் கூடாது. பிரிட்டனின் மண்ணில் பிரான்ஸ் அளவுக்கு அழிவில்லையே, நம் பங்கு குறையுமே என்ற கவலை வந்தது. தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ் வழி கண்டுபிடித்தார்: சிப்பாய் வீடு திரும்பிவிட்டால் அவன் குடிமகன், ஆகவே அவனுக்குத் தரும் ஓய்வூதியமும் குடிமக்களுக்கு நேர்ந்த சேதமே. தர்க்கப்படி இது நிற்காதே என்று வில்சனின் ஆலோசகர்களே சொன்னார்கள். தர்க்கத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று அந்த முன்னாள் பேராசிரியர் பதில் சொன்னதாக அவர்களில் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். பில் ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. 1921-இல்தான் தொகையை நிரப்பினார்கள்: 13,200 கோடி தங்க மார்க். அதில் 8,200 கோடி, வசூலாகாது என்று தெரிந்தே, அவரவர் நாட்டு வாக்காளர்களுக்குக் காட்டுவதற்காக எழுதிய எண். இந்தக் கூத்தோடு கட்டிவந்த கடன் பத்திரங்களின் கடைசி வட்டியை ஜெர்மனி செலுத்தியது 2010 அக்டோபரில்.

பெரிய தொகையை எழுதத் தைரியம் வராதவர்களுக்குச் சின்னக் கணக்கு மட்டும் துல்லியமாக வந்தது. ஒப்பந்தத்தின் இணைப்பைப் புரட்டிப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் பிரான்ஸுக்கு: பொலிகுதிரை 500, காளை 2,000, கறவை மாடு 90,000, செம்மறி ஒரு லட்சம், வெள்ளாடு 10,000. பெல்ஜியத்துக்குக் கறவை மாடு 50,000, சினைக்கு ஏற்ற பன்றி 15,000. ஜெர்மானியப் படை ஓட்டிக்கொண்டு போன மாடுகளுக்கு ஈடு கேட்பது நியாயம்தான். அந்தக் கிராமங்களின் பட்டிகள் நிஜமாகவே காலியாகிக் கிடந்தன. ஆனால் இதை எழுதிய காலத்தில் நேசநாடுகளின் கடல் முற்றுகை ஜெர்மனி மீது இன்னும் நீடித்தது. போர் முடிந்தது 1918 நவம்பரில், முற்றுகை முழுதாக விலகியது 1919 ஜூலையில். மார்ச் கடைசி வரை உணவுக் கப்பலையும் விடவில்லை. பாலில்லாத குழந்தைகளின் நாட்டிலிருந்து 1,40,000 கறவை மாடுகள். அதே மாதங்களில் பாரீஸின் மஜெஸ்டிக் ஓட்டலில் பிரிட்டிஷ் தூதுக்குழு ஒரு பெருந்துன்பத்தில் இருந்தது: ஒற்றர்களுக்குப் பயந்து பிரெஞ்சு சமையற்காரர்களை வெளியேற்றிவிட்டு இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவந்ததில், பாரீஸிலேயே உட்கார்ந்து இங்கிலீஷ் சாப்பாடு சாப்பிட வேண்டியதாயிற்று. தியாகம் என்றால் இதுவல்லவா!

இனி ஏப்ரல் மாதத்தின் மூன்று நாட்கள்.

11-ஆம் தேதி, சர்வதேச சங்கத்தின் சாசனத்தைத் தயாரிக்கும் குழுவில் ஜப்பான் ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னது. தேசங்களின் சமத்துவத்தையும் அவற்றின் குடிமக்களை நியாயமாக நடத்துவதையும் ஒப்புக்கொள்வதாக, முன்னுரையில், யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத ஒரு வரி. 17 பேரில் 11 பேர் கை தூக்கினார்கள். வெள்ளை ஆஸ்திரேலியாவின் பிரதமர் ஹியூஸ் இதைக் கொல்வதென்று வாரக்கணக்கில் சபதமெடுத்திருந்தார். பிரிட்டன் அவருக்குப் பின்னால் நின்றது. தலைமை தாங்கியவர் வில்சன். தம் நாட்டில் பதவியேற்ற வருஷமே அரசு அலுவலகங்களில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் நடுவே தடுப்பு வைக்க அனுமதித்தவர். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்கு ஒருமித்த ஆதரவு வேண்டும், பெரும்பான்மை போதாது என்று தீர்ப்புச் சொன்னார். முன்பு வேறு விஷயங்கள் பெரும்பான்மையால் முடிவாகியிருக்கின்றனவே என்றார் ஜப்பானின் மக்கினோ. பயனில்லை. மனிதர்கள் சமம் என்பதற்கு மட்டும் உலகம் மொத்தமும் ஒப்புக்கொள்ள வேண்டும். சமமில்லை என்பதற்கு ஒரு ஹியூஸ் போதும்.

ஜப்பானுக்காக நான் கண்ணீர் விடவில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்ட ஜப்பானின் போலீஸ் அதே வாரங்களில் கொரியாவில் சுதந்திரம் கேட்டவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. சமத்துவம் இல்லை என்றதும் அதற்கு ஈடாகச் சீனத்தின் ஷாண்டோங்கில் ஜெர்மனி அனுபவித்த உரிமைகளை மாத முடிவில் வாங்கிக்கொண்டது. சீனம் வெற்றியாளர்கள் பக்கம். ஏறத்தாழ 1,40,000 கூலிகளைப் பிரான்ஸுக்கு அனுப்பிப் பதுங்குகுழி வெட்டிய நாடு. நண்பனின் நிலத்தை எடுத்து இன்னொரு நண்பனுக்குக் கொடுத்தார்கள். மே 4 அன்று பீகிங் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

ஏப்ரல் 13, பாரீஸில் கனவான்கள் வரைபடத்தோடு இருந்த ஞாயிற்றுக்கிழமை, அமிர்தசரஸ். போருக்கு இந்தியாவிலேயே அதிகம் சிப்பாய் கொடுத்த மாகாணம் பஞ்சாப். அதற்கு நன்றியாக மார்ச்சில் ரௌலட் சட்டம், விசாரணையின்றி அடைத்துவைக்கலாம். ஜாலியன்வாலா பாக்கில் கூடியவர்கள் மீது பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயர் 1,650 தோட்டாக்களைச் செலவழித்தார். அரசாங்கக் கணக்குப்படியே 379 பிணங்கள். வெள்ளாடுகளை எண்ணத் தெரிந்த சாம்ராஜ்யத்துக்கு இந்தப் பிணங்களை எண்ணி முடிக்க மாதங்கள் ஆயின. இரண்டு மாதம் கழித்து மாண்டேகுவும் மகாராஜாவும் 'இந்தியா'வுக்காக வெர்சாயில் கையெழுத்திட்டார்கள். இந்தியா சர்வதேச சங்கத்தின் ஸ்தாபக உறுப்பினர் ஆயிற்று. உலக சமாதானத்துக்கு வாக்களிக்கலாம். அமிர்தசரஸில் கூட்டம் போடக் கூடாது.

சுயநிர்ணயம் என்ற சரக்கும் வில்சனின் பெட்டியில் இருந்தது. ஆஸ்திரிய ஜெர்மானியர்கள் ஜெர்மனியோடு சேர விரும்பினார்கள், கூடாது. எகிப்தின் ஸாத் ஸக்லூல் அந்தச் சரக்கை நம்பிப் பாரீஸ் போகக் கிளம்பினார். பிரிட்டிஷார் பிடித்து மால்டாவுக்கு அனுப்பினார்கள். எகிப்து பற்றியெரிந்ததும் விடுவித்தார்கள். அவர் பாரீஸ் வந்துசேர்ந்த நாட்களில்தான், எகிப்து பிரிட்டனின் பாதுகாப்பில் இருப்பதை அமெரிக்கா அங்கீகரித்தது. வியட்நாமிலிருந்து வந்து, பின்னாளில் ஹோ சி மின் என்று உலகமறிந்த இளைஞர் ஒருவரும் மனு கொடுத்தார். மனுக்களுக்கு ஒரு பெட்டி இருந்திருக்கும்.

சிரியாவில் மட்டும், மக்களையே கேட்டுவிடலாம் என்று வில்சன் கிங், கிரேன் என்ற இருவரை அனுப்பினார். பிரிட்டனும் பிரான்ஸும் ஆள் அனுப்ப மறுத்துவிட்டன. பதில் என்னவென்று அவர்களுக்குத் தெரியாதா? இருவரும் 1919 கோடையில் ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். பிரான்ஸ் வேண்டவே வேண்டாம் என்றார்கள் மக்கள். அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். 1920 ஜூலையில் பிரெஞ்சுப் படை டமாஸ்கஸுக்குள் நுழைந்தது. அறிக்கை 1922 டிசம்பரில் அச்சாயிற்று. படிக்க வேண்டியவர்கள் அதற்குள் ஆட்சியில் நன்றாக உட்கார்ந்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் பெயர் காலனி இல்லை, 'பொறுப்பாட்சி'. இன்னும் சொந்தக் காலில் நிற்க முடியாத மக்களைப் பேணுவது நாகரிகத்தின் புனிதக் கடமை என்று சாசனத்தின் 22-ஆம் பிரிவு. அந்த மக்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள்: அரேபியர்கள் முதல் வகுப்பு, ஆப்பிரிக்கர்கள் பெரும்பாலும் இரண்டு, பசிபிக் தீவினர் மூன்று. ஆசிரியர்கள் யார்? பாஸ்பேட் நிறைந்த சின்னஞ்சிறு நவ்ரு தீவைப் பேணும் புனிதக் கடமைக்கு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என மூன்று பாதுகாவலர்கள் முண்டியடித்து, உரத்தை எந்த விகிதத்தில் பங்குபோடுவது என்று 1919 ஜூலையிலேயே தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். மணல் மட்டும் உள்ள தீவுகளிடம் நாகரிகத்துக்கு இவ்வளவு பாசம் வந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 28 அன்று வெர்சாய் கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்து. 1871-இல் பிரான்ஸை வென்ற ஜெர்மானியர்கள் தங்கள் சாம்ராஜ்யத்தை அறிவித்த அதே மண்டபம். மாநாடு தொடங்கிய ஜனவரி 18-உம் அந்த அறிவிப்பின் தேதியே. பழிக்கு இவ்வளவு பஞ்சாங்கம் பார்த்தவர்கள் சமாதானத்துக்கு ஒரு நாழிகை பார்க்கவில்லை. முகம் சிதைந்த 5 பிரெஞ்சுச் சிப்பாய்களைக் கிளெமென்சோ அங்கே நிறுத்திவைத்திருந்தார், ஜெர்மானியர்கள் பார்க்கட்டும் என்று. அவர்களை நேரே பார்க்க வேண்டியவர்கள் அந்த மண்டபத்தில் எல்லாப் பக்கமும் இருந்தார்கள். சீனம் வரவில்லை. அமெரிக்க செனட், தன் ஜனாதிபதி பெற்ற பிள்ளையைக் கடைசி வரை ஏற்கவில்லை. வில்சனுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

440 பிரிவுகள் கொண்ட அந்த ஒப்பந்தத்தில் 246-ஆவதை யாராவது பள்ளிப் பாடத்தில் வைக்க வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஹெஹே மக்களின் தலைவன் முக்வாவா, 1891-இல் ஜெர்மன் படையொன்றைத் துவம்சம் செய்தவன். 1898-இல் பிடிபடாமல் இருக்கத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவன். அவன் தலையை வெட்டி ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். அந்த மண்டையோட்டை ஆறு மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 246-ஆம் பிரிவு. ஹெஹே மக்களிடம் அல்ல. பிரிட்டிஷ் மன்னரின் அரசாங்கத்திடம். அதே ஒப்பந்தத்தால் முக்வாவாவின் நாடும் ஜெர்மனியிடமிருந்து கைமாறி, டாங்கனிகா என்ற பெயரில் அதே அரசாங்கத்திடம்தான் போய்ச் சேர்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் பிரிட்டிஷாருக்குச் சுமை தூக்கியே செத்த ஆப்பிரிக்கர்கள் லட்சத்தை நெருங்குவார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பிரிவு இல்லை.

ஆறு மாதம் 34 வருஷம் ஆயிற்று. எந்த மண்டையோடு என்று தெரியவில்லை என்றது ஜெர்மனி. கடைசியில் டாங்கனிகாவின் ஆளுநர் ட்வைனிங் பிரெமென் அருங்காட்சியகத்துக்குப் போய், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குவிந்துகிடந்த தலைகளுக்கு நடுவே, முக்வாவா வம்சத்தாரின் தலையளவோடு ஒத்துப்போகிற ஒன்றைப் பொறுக்கியெடுத்து, 1954-இல் விழா வைத்து ஒப்படைத்தார். நாட்டை ஒப்படைக்க மேலும் ஏழு வருஷம் பிடித்தது. அதற்கு எந்தப் பிரிவிலும் யாரும் கெடு வைத்திருக்கவில்லை.